ஆறு பேர் நடக்கும் படம்

ரெஜிலா டீச்சர் கரும்பலகையை டஸ்டரால்தான் துடைப்பாள். ஆண்டில் ஒருநாள் மட்டும் கையால் துடைப்பாள். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் வருகிற நாள் அது. முதலில் வாசலுக்கு வெளியே ஒரு பார்வை. வராந்தாவில் யாருமில்லை என்று கண்டதும் பலகையின் வலது ஓரத்தில் ஒரு மரம் வரைவாள். அடி தடித்து, மேலே போகப் போகப் பிரிந்து பிரிந்து போகும் மரம். இலை கிடையாது, வெறும் கிளைகள். ஒரு நுனியில் சின்ன வட்டம் போட்டு, "இது நாம" என்பாள். எழுத மாட்டாள், வாயால் சொல்வதோடு சரி. பிள்ளைகள் நோட்டை விரித்துப் பென்சிலைத் தேடுவதற்குள் இடது உள்ளங்கையை நுனிகளில் வைத்து அடிமரம் வரை இழுத்துவிடுவாள். ரேகைகளில் சாக்பீஸ் பொடி ஏறி நிற்கும். அதைச் சேலையில் துடைக்காமல் குழாயடி வரை நடந்துபோய்க் கழுவிவிட்டு வந்து, "அடுத்த பாடத்த எடுங்க" என்பாள். இவ்வளவுக்கும் நடுவே பலகையின் இடப்பக்கம் ஆணியில் தொங்கும் படத்தை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அந்தப் படத்தை வாங்கியதே அவள்தான்.

இரண்டாயிரத்து நாலில், தக்கலைக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த அந்தக் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். அரசாங்கம் ஒப்புக்கொண்ட இடம் இல்லை. நிர்வாகம் பார்த்துக் கொடுக்கிற சம்பளம். ஞானபாய் டீச்சர் ஓய்வு பெற்றால் அந்த இடம் அவளுக்கு என்று ஒரு பேச்சு இருந்தது. ஞானபாய் டீச்சர் ஓய்வு பெற எட்டு வருசம் இருந்தது. சேர்ந்த புதிதின் உற்சாகத்தில் நாகர்கோவிலுக்குப் போய்ச் சொந்தக் காசில் நாலு படங்கள் வாங்கி வந்தாள். இதயம், கண், பூவின் பாகங்கள், அப்புறம் இது. ஆறு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்து போகிறார்கள். முதல் ஆள் கைகால் ஊன்றிய கறுத்த குரங்கு. அடுத்தடுத்தவர்களுக்கு முதுகு நிமிர்கிறது, மயிர் உதிர்கிறது, நிறம் வெளுக்கிறது. ஆறாவது ஆள் வெள்ளைக்காரன். பின்னால் வருபவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எட்டு வைத்துப் போகிறான்.

படத்தை மாட்டினாளே தவிர, பாடத்தை நடத்தவில்லை. இந்தப் பள்ளியில் முன்பிருந்தவர்களும் நடத்தியதில்லை. "வீட்டுல வாசிச்சுக்கிடுங்க. ஒரு மார்க்கு வந்தாலும் வரும்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவாள். அவள் அப்பா சபையில் உபதேசியாராக இருந்தவர். ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களை ஆறு வயதில் மனப்பாடமாகச் சொன்ன பிள்ளை அவள். இரண்டையும் மனசுக்குள் அருகருகே வைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. வாய்விட்டுச் சொல்வதில்தான் சிரமம்.

ஏழு வருசம் இப்படிப் போயிற்று. டீச்சர் நடத்தாத பாடத்தைப் படம் தானாகவே நடத்திக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் பத்தாம் வகுப்புக்கு சுபிதா வந்தாள். பேச்சிப்பாறை அணைக்கு மேலே, மலையில் குடியிருக்கும் காணிக்காரப் பழங்குடி வீட்டுப் பிள்ளை. பள்ளி விடுதியில் தங்கியிருந்தாள். கணக்கில் கெட்டி. கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்திருக்க யோசிப்பாள், எழுந்துவிட்டால் பிசகாது. ஒருநாள் ரெஜிலா வகுப்புக்குள் நுழையும்போது பையன்கள் படத்தருகே நின்றிருந்தார்கள். ஒருவன் மூன்றாவது ஆளின் நெற்றியில் விரலை வைத்தான். பிறகு தலையைத் திருப்பி சுபிதாவைப் பார்த்தான். ஒரு பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவள் புத்தகத்தில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். குனிந்த விதத்திலேயே தெரிந்தது, இது முதல் தடவை இல்லை.

ரெஜிலா அன்றைக்கு மதியம் முழுக்க இதையே யோசித்தாள். வைதால் நாலு நாள் அடங்குவார்கள். ஐந்தாம் நாள் விடுதி வாசலில் வைத்துச் சொல்வார்கள். பாடத்தை நடத்துவது ஒன்றுதான் வழி என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு நாள் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசி மணியில் மரத்தை வரைந்தாள்.

முதல் கேள்வி ஷாஜனிடமிருந்து வந்தது. சபைச் செயலாளரின் மகன், முன் பெஞ்சு.

"டீச்சர், குரங்குல இருந்து மனுசன் வந்தான்னா, இந்தக் குரங்கெல்லாம் என்னத்துக்கு வராம நிக்குது?"

"பஸ்சு கிட்டியிருக்காது மக்கா" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

சிரிப்பு அடங்கும்வரை ரெஜிலா காத்திருந்தாள். "லேய் ஷாஜா, உனக்க சித்தப்பா மவனுக்கு என்ன பேரு?"

"லிபின்."

"நீ லிபின்ல இருந்தா வந்த?"

"சே! அவன் என்னைய விடச் சின்னப் பய டீச்சர்."

"பின்ன ரெண்டு பேரும் எங்கெருந்து வந்திய?"

"தாத்தாட்ட இருந்து."

"லிபின் இன்னும் லிபினாவே இருக்கானே, ஷாஜனா மாற நேரம் கிட்டலியான்னு யாராவது கேட்டா?"

"கேட்டவனுக்கு கிறுக்குன்னு சொல்லுவேன்."

"அவ்வளவுதான். குரங்கு நமக்குத் தாத்தா இல்ல. பழைய தாத்தா ஒருத்தருக்க வேற வழிப் பேரப்பிள்ளைய. அதுவளும் நம்மள மாதிரி இன்னைக்கு வரைக்கும் நடந்து வந்ததுதான். யாரும் பாதி வழியில நிக்கல்ல."

பிள்ளைகள் மரத்தைப் பார்த்தார்கள். ரெஜிலா இடப்பக்கம் திரும்பி, கையிலிருந்த சாக்பீசால் படத்தைத் தட்டினாள்.

"இந்தப் படம் தப்பு. வாங்கி மாட்டினது நாந்தான், அப்பம் எனக்கும் தெரியல்ல. இப்படி ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தன்னு யாரும் வரிசையா நடக்கல்ல. இன்னைக்கு இருக்கிய மனுசர்ல மூணாவது ஆளு, நாலாவது ஆளுன்னு யாரும் கிடையாது. எல்லாரும் இந்த ஒத்த வட்டத்துக்குள்ளதான். ஷாஜனும் இங்கதான், சுபிதாவும் இங்கதான். பழைய வழியத் தேடிப் போனா ரெண்டு பேரும் ஒரே வீட்டு மக்க."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "லேய் ஷாஜா, உனக்கு மலையில ஒரு தங்கச்சி!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஷாஜனுக்குக் காது சிவந்துபோயிற்று. சுபிதா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பெயர் சொல்லியிருக்கக்கூடாதோ என்று ரெஜிலாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் மணி அடித்து எல்லோரும் முட்டிமோதி வெளியேறிய பிறகும் சுபிதா இருந்த இடத்திலேயே இருந்தாள். மரத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி மரத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ரெஜிலா அன்றைக்குப் பலகையைத் துடைக்காமலேயே வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் கரஸ்பாண்டன்ட் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

சபை சார்பில் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் இஸ்ரவேல் சார் ஒரு காலத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் அறையிலிருந்து ஷாஜனின் அப்பா வெளியே வந்தார். ரெஜிலாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அந்தத் தலையசைப்பிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இரி ரெஜிலா" என்றார் சார். "உங்க அப்பன் நம்ம சபைக்கு உழைச்ச மனுசன். அவருக்க மவ, நாம குரங்குக்குச் சொந்தக்காரன்னு மரம் போட்டுக் காட்டினாளாமே?"

"புக்குல உள்ள பாடந்தான் சார்."

"பாடம் இருக்கட்டு. நான் இல்லன்னு சொல்லல்ல. தேவன் மண்ணெடுத்து உண்டாக்கினாருன்னு நமக்கு எழுதி வச்சிருக்கு. அதுக்கு மேல நோண்டி நமக்கு என்னத்துக்கு?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளையளப் பேரு சொல்லி ஒரே வீட்டு மக்கன்னு சொன்னியா?"

"ஆதாம்னு வச்சாலும் அப்படித்தானே சார் வரும்?"

வாதம் பண்ண நினைத்துச் சொன்னதல்ல. ஆறு வயதில் மனப்பாடம் செய்த பிள்ளை தன்பாட்டில் சொல்லிவிட்டது. இஸ்ரவேல் சார் அவளையே பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்கள் சின்னதாக இருந்தன.

"ஆதாம் காரியம் வேற" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "அது வேற" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏப்ரல்ல ஞானபாய் டீச்சர் போறாவ. கமிட்டி கூடும்போ உனக்க பேரச் சொல்லத்தான் நான் இருக்கேன். அதுக்குள்ள இப்படி ஒண்ணு வேணுமா? படம் தப்புன்னு வேற சொன்னியாம். ஸ்கூல் சொவத்துல தொங்கியத டீச்சரே தப்புன்னா, பிள்ளைய நாளைக்கு எதையெல்லாம் கழட்டச் சொல்லும்? நாளைக்குக் கிளாசுல போயி, அன்னைக்குச் சொன்னத விட்டிருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிரு. படம் அங்கேயே கெடக்கட்டு."

வராந்தாவில் நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. குரங்குக்குச் சொந்தம் என்றதற்குக் கோபப்படுகிற மனுசன், குரங்கு நடக்கிற படத்தை எதற்காகக் கிடக்கட்டும் என்கிறார்? ஏழு வருசமாக அது தொங்குகிறது. சபையிலிருந்து வந்தவர்கள் அதன் கீழே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார்கள். ஒருவர்கூட வேதத்துக்கு விரோதம் என்று சொன்னதில்லை. யார் முன்னால், யார் பின்னால் என்று அவர்கள் ஏற்கெனவே நம்பியதைத்தானே அது வரைந்து வைத்திருக்கிறது. இவ்வளவு தூரம் யோசித்தவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஏப்ரல் அவள் கண்முன் நின்றது.

வீட்டில் கணவன் செல்வதாஸ் ரப்பர் ஷீட்டுகளை அடுக்கியபடியே எல்லாவற்றையும் கேட்டான். "சொல்லிட்டு வா. சொன்னா வாய் தேஞ்சா போவும்? வேலை உறச்ச பொறவு உனக்க மரத்த நடு ரோட்டுல வேணும்னாலும் வர."

மறுநாள் அவள் வகுப்பில் நின்று, பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். "வெள்ளிக்கிழம நான் சொன்னத விட்டிருங்க. பரீட்சைக்குப் புக்குல உள்ளது மட்டும் போதும்."

சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தாள். ஷாஜன் எழுந்து நின்றான். அவனுக்கும் ஒரு முடிவு தேவைப்பட்டது. அந்த 'தங்கச்சி' நாலு நாளாக அவனைத் துரத்திக்கொண்டிருந்தது.

"அப்பம் இந்தப் படம் சரிதானா டீச்சர்?"

ரெஜிலா வகுப்பைப் பார்த்தாள். யாரைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாளோ அவள்மேலேயே கண் போய் நின்றது. சுபிதா அன்றைக்குக் குனிந்திருக்கவில்லை. நேராக உட்கார்ந்து, டீச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம்... சரிதான்."

சுபிதா புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

அரையாண்டு விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ரெஜிலா ஆசிரியர் அறையில் கேட்டபோது, "மலைப் பிள்ளைய அப்படித்தான் டீச்சரே, நிக்காது" என்றார்கள். பேச்சிப்பாறைக்குப் பஸ் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் நினைத்தாள். பல ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்தாள். ஏப்ரலில் ஞானபாய் டீச்சர் போனார்கள். ஜூனில் ரெஜிலாவுக்கு வேலை உறுதியாயிற்று. ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். இஸ்ரவேல் சார் வந்து ஜெபம் பண்ணினார்.

ஷாஜனோடு அவள் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பனிடம் போய்ச் சொல்லி, அப்பன் சாரிடம் வந்து சொல்லி, ஒரு பிள்ளையின் படிப்பு போயிற்று என்ற கணக்கு அவள் மனதில் முடிந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி அவன் மிட்டாய் கொண்டுவந்தபோது, "அங்க வச்சிட்டுப் போ" என்றாள். அந்தப் பொதியை அவள் பிரிக்கவே இல்லை. அந்த வருசங்களில்தான் வருசத்துக்கு ஒரு மரமும் இடது உள்ளங்கையும் தொடங்கின. யாரும் கேட்டால் நடத்தவில்லை என்று சொல்லலாம். தன்னைத் தானே கேட்டால் நடத்தினேன் என்று சொல்லலாம். படம் வெயில் பட்டு மங்கிவிட்டது. ஆறாவது ஆள் ஏறக்குறைய தாளோடு தாளாகிவிட்டான். மூன்றாவது ஆள் இன்னும் கறுப்பாக, தெளிவாகத் தெரிகிறான்.

இரண்டாயிரத்துப் பதினேழில் தக்கலையில் ஒரு கல்யாணம். பந்தியில் ரெஜிலாவுக்குப் பக்கத்து இலை அன்னக்கிளி அக்காவுக்கு வாய்த்தது. முன்பு விடுதி வார்டனாக இருந்து, வேலையை விட்டுப் போனவர். எதிர் வரிசையை முடித்துவிட்டு ஷாஜன் இந்தப் பக்கம் சாம்பார் பரிமாறிக்கொண்டு வந்தான். ரெஜிலா இலையை மறித்து, வேண்டாம் என்றாள். அவன் நகர்ந்ததும் அக்காவிடம் சொன்னாள்.

"அந்தப் பயலப் பார்த்தா இப்பவும் எனக்கு வயிறு எரியும்க்கா. வீட்டுல போயிப் போட்டுக்குடுத்து, அவனுக்க அப்பா திங்கக்கிழம காலையில சாருட்ட வந்து, அந்தச் சுபிதாவுக்கப் படிப்ப..."

அன்னக்கிளி அக்கா பிசைந்த கையை நிறுத்தினார். "எந்தப் பய? ஷாஜனா? அவன் என்ன செஞ்சான்? அவனுக்க அப்பா அன்னைக்குக் கல்லறைத் தோட்டத்து மதிலு வேலையப் பத்திப் பேச வந்தவராக்கும். சாருட்டப் போனது சுபிதா. வெள்ளிக்கிழம சாயங்காலம் நாந்தானே அவளக் கூட்டிட்டுப் போனேன். துணைக்கு வாங்க அக்கான்னு கையப் பிடிச்சிட்டு நின்னா. பயலுவளப் பத்தி ஒரு வார்த்த குத்தம் சொல்லல்ல பாத்துக்க. நீ மரம் போட்டதையும் ஒரே வீட்டு மக்கன்னு சொன்னதையும் ஒண்ணு விடாமச் சொன்னா. சாரு முன்னால நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: 'எங்க டீச்சரே அது தப்பான படம்னு சொல்லிட்டாவ சார். இனி அதக் கழட்டிரலாம்லா?'"