இல்லாத நாட்டில் இருந்த தெருக்கள்

தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவனுக்கு எந்த ஊரிலும் பெயர் கிடையாது. "மீட்டர் வந்திருக்கு" என்பார்களே தவிர, ஆள் வந்திருக்கிறான் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. இந்த மீட்டர்க்காரனுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. பெயர் தெரியாமல், முகம் ஞாபகமில்லாமல் இருப்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அவனும் அவன் அக்காவும் ஆளுக்கொரு பையோடு இந்த ஊரில் வந்து இறங்கியவர்கள். பழைய கைப்பேசி எண்களைத் தலைமுழுகினார்கள். ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் கிடைத்தன. அக்கா ஒரு சலவைக் கடையின் பின்கட்டில், வாடிக்கையாளர் கண்ணில் படாத இடத்தில், இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பின்வாசல் வழியாகப் போவாள், பின்வாசல் வழியாகவே வருவாள்.

யாருக்குப் பயந்து இத்தனையும் என்றால், அவள் புருஷனுக்குப் பயந்துதான். மீட்டர்க்காரன் வாய் நிறைய "மாமா" என்று கூப்பிட்ட ஆள். மாமா என்றும் சொல்லிவிட்டு அவன் இவன் என்கிறேனே என்று பார்க்காதீர்கள், அவனுக்கு இதுவே அதிகம். நாலு பேர் முன்னால் அவனைப் போலத் தங்கமானவன் கிடையாது. வார இறுதியானால் நண்பர்கள் அவன் வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பகடை உருட்டி ஆடுகிற கற்பனை விளையாட்டு. ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தன் திருடன், ஒருத்தி மந்திரக்காரி என்று ஆளுக்கொரு வேஷம். காடு, மலை, கோட்டை என்று இல்லாத ஒரு நாட்டில் அவர்களை நடத்திக்கொண்டு போக ஒரு கதைசொல்லி வேண்டும். அது மாமா. என்ன குரல், என்ன நிதானம்! காகிதத்தில் ஒரு கரும்புள்ளி வைத்து அதைச் சுற்றி வட்டம் போடுவான். "வேட்டை இங்கே முடியும்" என்று அதற்கு அர்த்தம். அந்த மேஜைக்கு வெளியே அந்தக் குறி யாருக்கும் தெரியாது.

விருந்தாளிகள் படியிறங்கிப் போனதும் அந்தக் குரல் வேறாகிவிடும். அக்காவின் இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுசாக மடங்காது. பக்கத்து அறையில் இருந்த தம்பி அதையெல்லாம் கேட்டும் கேட்காதவன் போல இருந்தான், அப்புறம் ஒரு நாள் இருக்க முடியாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். போலீசுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனார்கள். அங்கே மாமாவுக்கு நாற்காலி போட்டார்கள், அக்காவுக்குப் புத்திமதி சொன்னார்கள்.

தம்பி ஊரை விட்டான், வேலையை விட்டான், சிநேகிதர்களை விட்டான். அந்த விளையாட்டின் வரைபடங்களை மட்டும் அவனால் விட முடியவில்லை.

விளையாட்டைத் தயாரித்தவர்கள் அந்த நாட்டின் கடற்கரையையும் நாலைந்து நகரங்களையும் வரைந்து கொடுத்ததோடு சரி. மிச்சத்தை ஆடுகிறவர்களே வரைந்து இணையக் குழுவில் போடுகிறார்கள். ஒருத்தர் வரைந்த மலை இன்னொருத்தரின் ராஜ்யத்தைவிடப் பெரிது. ஒருத்தரின் ஆறு மேட்டில் ஏறுகிறது. ஒரு புண்ணியவான் வடக்கைக் கீழே வைத்திருப்பார். இவற்றையெல்லாம் ஒரே அளவுக்குச் சுருக்கி, திசை திருப்பி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரே பெரிய படமாக்க வேண்டும். மீட்டர்க்காரன் அதில் கில்லாடி. குழுவில் அவனுக்குப் பெயர் தையல்காரன். பழைய ஊரில் இருந்தபோது வேறு பெயர் வைத்திருந்தான், இங்கே வந்ததும் மாற்றிக்கொண்டான். பெயரைத்தான் மாற்றினான், கையை மாற்றவில்லை.

கையில்தான் இருக்கிறது வினை. எத்தனை சாமர்த்தியமாகச் சேர்த்தாலும் இரண்டு படங்களுக்கு நடுவில் யாருமே வரையாத ஓர் இடைவெளி விழும். அதைச் சேர்க்கிறவனேதான் நிரப்ப வேண்டும். ஒட்டு என்பார்கள். நமது தையல்காரனுக்குக் கற்பனை மருந்துக்கும் கிடையாது. பகலெல்லாம் வீடு வீடாக நடக்கிற கால், எந்தத் தெரு எங்கே திரும்பும், எந்தச் சந்து எங்கே முட்டும் என்று அவன் கைக்குச் சொல்லிக் கொடுத்தது. ரயில் பாதையைக் கால்வாயாக்கினான், தண்ணீர்த் தொட்டியை மந்திரவாதியின் கோபுரமாக்கினான். அந்த நாட்டின் சாம்பல் கோட்டைக்கும் ஊமைத்துறைக்கும் நடுவில் இருக்கும் நகரம் உள்ளது உள்ளபடி அவன் மீட்டர் பார்க்கிற வார்டு.

பழைய ஊரிலும் இதையேதான் செய்துகொண்டிருந்தான். மாமா அப்போதே கண்டுபிடித்துக் கேலி செய்தான். "மச்சான், இந்தப் பூதத்தோட குகைக்குப் போற வழி நம்ம பால் பூத் சந்துதானே?" என்று அவன் கேட்க மேஜையே சிரித்தது. மடையன், அது ஞாபகத்தில் இருக்க வேண்டாமா? ஞாபகம் இருந்தது, அதுதான் கொடுமை. அதனால்தான் இந்த ஊரில் ஒரு ஜாக்கிரதை செய்தான். தன் வீடு இருக்கும் தெருவையும் அக்கா வேலை பார்க்கும் கடையின் தெருவையும் வரையாமல், அங்கே மரங்களைப் போட்டு மூடினான். மூடியாயிற்று, இனிப் பயமில்லை என்று நிம்மதியாக இருந்தான்.

அப்படியிருக்கையில் வழிப்போக்கன் என்ற பெயரில் ஒருவர் குழுவில் புதிதாகச் சேர்ந்தார். சாம்பல் கோட்டைக்குத் தெற்கே ஒரு வரைபடம் போட்டார். தையல்காரன் அதை எடுத்துப் பெரிய படத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்தான். சுருக்க வேண்டியிருக்கவில்லை, திருப்ப வேண்டியிருக்கவில்லை. தெருவோடு தெரு, பாலத்தோடு பாலம், அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. இத்தனை வருஷத்தில் அவன் பார்க்காத அதிசயம். "உங்களுக்கும் எனக்கும் ஒரே மனசு போலிருக்கிறது" என்று நன்றிகூட எழுதினான். வழிப்போக்கன் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார்.

அடுத்த படம் அவனது விடுமுறை நாளில் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஜன்னலோரமாக உட்கார்ந்து திறந்தான். இந்த முறை வழிப்போக்கன் ஓரத்தில் எதையும் சேர்க்கவில்லை. தையல்காரனின் ஒட்டையே எடுத்து, அதில் மரங்கள் இருந்த இரண்டு இடங்களில் மரங்களை வெட்டியிருந்தார். ஓர் இடத்தில் அவன் வீட்டுத் தெரு இருந்தது, மாடிப்படி வெளிப்புறமாக ஏறுகிற கட்டடம் உட்பட. இன்னோர் இடத்தில் சலவைக் கடையின் பின்சந்து இருந்தது. அதன் பின்வாசலில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

மாமாவின் குறி. உலகத்து ஊர்களையெல்லாம் மேலேயிருந்து பார்க்கக் கைப்பேசியில் வசதி இருக்கிற காலம். பொறுமையுள்ள ஒருவன் அந்த ஒட்டை ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்த்தால், என்றைக்காவது ஒரு நாள் பொருந்தத்தான் செய்யும். ஆனால் வெளிப்படியும் பின்வாசலும் மேலேயிருந்து தெரியாது. நேரில் வந்து நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். செருப்பை மாட்டினானோ இல்லையோ, ஓடினான்.

அக்கா பின்கட்டில் இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"என்னடா, லீவு நாள்ல? சாப்பிட்டியா?"

மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பேசியை நீட்டினான். அவள் படத்தைப் பார்த்தாள், புள்ளியைப் பார்த்தாள். அந்த மேஜைக்கு வருஷக்கணக்கில் டீ கொண்டுவந்து வைத்தவளுக்கு அந்தக் குறியை யாரும் விளக்க வேண்டியதில்லை. முகம் மாறாமல், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"இது யாரு சட்டைன்னு தெரியுதா?"

அவனுக்குத் தெரியவில்லை. நீலக் கோடு போட்ட சாதாரணச் சட்டை.

"மூணாவது பட்டனைப் பாரு. வெள்ளை நூல் தீந்துபோய் பச்சை நூல்ல தைச்சேன். அதுக்கு அன்னைக்கு வாங்கின அறை இன்னும் காதுல கேக்குது. காலையில மூட்டையைப் பிரிச்சதும் கைக்கு வந்துச்சு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்னு முன்கட்டுல சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அப்புறம் ஏன்கா இன்னும் இங்க நிக்கிறே?"

"ஓடினா தெரிஞ்சுடும். சந்துல எங்கயோ நின்னு பின்வாசலைப் பாத்துட்டிருப்பான். நான் பயந்து வெளிய வரணும்னுதானே சட்டையைக் குடுத்தது." சட்டையின் காலரை மடித்து அழுத்தினாள். "முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டேன். துணி எடுத்துட்டுப் போற வண்டி முன்வாசல்ல வரும். அதுல ஏறிடுவேன்."

"எங்க போறோம்?"

"போறோம் இல்லடா. போறேன்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வந்த புதுசுலேயே ஒரு வழி பாத்து வச்சேன். போய்ச் சேர ஒரு இடமும் இருக்கு. உன்கிட்ட சொல்லல."

"என்கிட்டயுமா?"

"முக்கியமா உன்கிட்ட." அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் அவனுக்குத் தாங்கியிருக்கும். "உனக்குத் தெரிஞ்சா உன் கை சும்மா இருக்காது. எங்கயாவது வரைஞ்சு வச்சுடுவே."

"இனிமே வரைய மாட்டேன்கா. சத்தியமா."

"வரைவே. நீ கெட்டவன்னு சொல்லலடா. நீ இல்லாட்டி நான் அந்த வீட்டுலயே செத்திருப்பேன். ஆனா உன் கை அப்படி." சட்டையைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டாள். சுருக்கம் ஒன்றுகூட இல்லை. "என்னை மாதிரி உனக்குப் பொய்யும் வராது. அவன் கேட்டா உன் மூஞ்சியே சொல்லிக் குடுத்துடும். தெரியலேன்னா சொல்ல முடியாதுல்ல?"

மீட்டர்க்காரன் அழுதுவிட்டான். இத்தனை வருஷம் அக்காவைத் தான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன் அவன். அவளைச் சுற்றி வட்டம் போட மாமாவுக்கு வழி காட்டியது தன்னுடைய கைதான். அக்கா அவன் தலையை ஒரு தரம் கோதிவிட்டாள். பிறகு ஒரு துணி மூட்டையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"பின்வாசல் வழியா போ. சந்துல கொஞ்ச நேரம் நில்லு. நான் முன்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்ட மாதிரி கதவைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசு. அப்புறம் வழக்கமா போற வழியிலேயே வீட்டுக்கு நட. மெதுவா. நான் அங்க இருக்கேன்னு நினைச்சு உன் பின்னாடி வருவான்."

"அக்கா..."

"போடா. நேரமாகுது."

சொன்னபடியே செய்தான். சந்தில் நின்று, "அக்கா முன்வாசல் வழியாவே வீட்டுக்குப் போயிடுச்சா? சரி, நானும் வீட்டுக்கே போறேன்" என்று மூடிய கதவிடம் சொன்னான். பிறகு நடந்தான். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினான், ரயில் பாதையைத் தாண்டினான். பின்னால் ஒரு செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது, பார்க்கவில்லை.

வெளிப்படியில் ஏறிப் பூட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மச்சான்."

மாமா கொஞ்சமும் மாறவில்லை. மேஜையில் கதை சொல்லும்போது இருந்த அதே சிரிப்பு.

"அந்தத் தண்ணித் தொட்டியை மந்திரவாதி கோபுரமா ஆக்கினே பாரு, பிரமாதம். உன் கையை எங்க பாத்தாலும் எனக்குத் தெரியாதா?" தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனான், வீடு தன்னுடையது போல. சமையல் மூலை, கொடியில் தொங்கிய துணிகள், கட்டிலுக்கு அடி, ஒன்றுவிடாமல் பார்த்தான். தெருமுனைவரை தெரிகிற ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சிரிப்பு இன்னும் இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை.

"அக்கா எங்க?"

"தெரியாது மாமா."

மாமா அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தான். மேஜையில் ஆடுகிறவர்களின் முகத்தில் ஜாடை தேடிப் பழகிய கண் அது. தேடியதில் பயம்தான் கிடைத்தது, பொய் கிடைக்கவில்லை.

"நிஜமாவே தெரியாது போலிருக்கே." விரலால் மேஜையைத் தட்டினான். "பரவாயில்ல. இந்த ஊர்ல உனக்குத் தெரியாத சந்து கிடையாது. எல்லாத்தையும் படத்துல போட்டு வச்சிருக்கே. எடு. அவ எந்த வழியா போயிருப்பான்னு ரெண்டு பேருமா பாத்துடலாம்."

மீட்டர்க்காரன் கணினியைத் திறந்தான். பெரிய படம் திரையில் விரிந்தது. அவன் நடந்த தெரு ஒன்றுகூட அதில் விட்டுப்போகவில்லை. அக்காவின் வழி அதில் இல்லை. அவள் ஏறிய வண்டி ஊர் எல்லையைத் தாண்ட இன்னும் நேரம் வேண்டும்.

நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாத ஆள் அவன். தொண்டையைச் செருமிக்கொண்டு வடக்குக் கோடியில் விரலை வைத்தான். முதல் தெருவின் முதல் வீட்டில் ஆரம்பித்தான். வாசல் எந்தப் பக்கம், மீட்டர் படிக்குக் கீழேயா சுவரிலா, வீட்டுக்காரர் எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பார், நாய் கடிக்குமா கடிக்காதா, பின்பக்கம் வழி உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மாமாவின் விரல் மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, அவன் இன்னும் முதல் தெருவில்தான் இருந்தான்.