சோதனை என்ற பெயரில் ஓடிய வரைபடம்

மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "சர்வர் வேலை" என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். கேட்டவர்கள் அடுத்து எந்த ஓட்டல் என்று விசாரிப்பார்கள். மாமியாருக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியாது. நகராட்சி அலுவலகத்தில், ஏசி போட்ட ஒரு சின்ன அறையில், கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அங்கேயும் 'சர்வரக்கா' என்றே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உண்மையில் அவள் புகார்களைத் தட்டச்சு செய்ய வந்தவள். அந்த அறையைக் கவனித்துவந்த இன்ஜினியர் வேறு வேலை கிடைத்துக் கிளம்பும்போது, சாவியை அவள் கையில் திணித்து, "தானா ஓடும்க்கா, எதையும் தொடாதீங்க" என்றார். அவளும் தொடவில்லை. அதுவும் ஓடியது. ஓடியதெல்லாம் ஊரின் வரைபடங்கள். குடிநீர்க் குழாய் எங்கே போகிறது, தெருவிளக்கு எங்கே நிற்கிறது, குப்பை வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று ஒவ்வொரு பிரிவும் தன் மேப்பைத் தன் திரையில் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு மேப்புக்கும் பின்னால் சர்வரில் ஒரு புரோகிராம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று காலை எல்லாம் படுத்துக்கொண்டது.

குடிநீர்ப் பிரிவு மேஸ்திரி மூச்சு வாங்க வந்து நின்றார். "அக்கா, குழாய் உடைஞ்சு தெருவுல ஆறா ஓடுது. மேப்பைத் திறந்தா வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு."

பின்னாலேயே மேலாளரும் வந்துவிட்டார். அவள் ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலைத் திரையில் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை எல்லாம் ஒரே பெயர். எண் மட்டும் வேறு. அதில் ஒன்று, நினைவகம் முழுவதையும் தின்று வீங்கிக்கிடந்தது.

"அதோ, குண்டா ஒண்ணு இருக்குல்ல, அதை நிறுத்துங்க."

"யாரோட மேப்புன்னு தெரியாம எப்படி சார் நிறுத்துறது?"

"பேர் போட்டிருக்குமே?"

"எல்லாத்துக்கும் ஒரே பேர்தான் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெயர் மாறவில்லை.

அவள் அங்கே இங்கே அழுத்திப் பார்த்ததில், ஒவ்வொன்றும் எந்தக் கட்டளையால் கிளம்பியது என்று காட்டும் பத்தி ஒன்று தட்டுப்பட்டது. அந்த நீளமான வரியின் வாலில் மேப்பின் பெயர் இருந்தது. குடிநீர், தெருவிளக்கு, தீயணைப்பு... வீங்கிக்கிடந்ததன் பெயர், சோதனை.

போன உயிர் திரும்பி வந்தது. இருந்தாலும் ஒவ்வொரு பிரிவுக்கும் போன் போட்டுக் கேட்டாள். அப்படி ஒரு மேப் எங்களுக்கு இல்லை என்று எல்லோரும் கைவிரித்தார்கள். நிறுத்தினாள். மேஸ்திரியின் மேப் கண் இமைப்பதற்குள் திறந்தது. "நான் சொல்லல?" என்றபடி மேலாளர் டீ குடிக்கப் போனார்.

அவர் படி இறங்கியிருக்கமாட்டார், போன் அடித்தது. கொழுந்தன். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர்.

"அண்ணி, வண்டியில மேப் வெள்ளையா இருக்கு. மெத்தைக் கடையில தீ. பக்கத்துல தண்ணி எடுக்கிற குழாய் எங்கன்னு தெரியல."

"உங்க மேப் ஓடுதே தம்பி! தீயணைப்புன்னு என் கண்ணு முன்னாடியே ஓடிட்டிருக்கு."

"அங்க ஓடுதோ என்னமோ, இங்க ஒண்ணுமே இல்ல."

"மறுபடி தொடுங்க."

தீயணைப்பு என்ற வரியையே பார்த்திருந்தாள். எவ்வளவு வேலை செய்கிறது என்று அதன் ஓரத்தில் காட்டும் எண் அசையவில்லை.

"தொட்டீங்களா?"

"தொட்டுக்கிட்டேதான் இருக்கேன் அண்ணி!"

ஓடுகிற மேப் ஏன் தெரியவில்லை? காலையிலிருந்து தான் கைவைத்தது ஒன்றே ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. சோதனையை மீண்டும் கிளப்பினாள். அது எழுந்து வருவதற்குள் ஒரு யுகம் போனது.

"இப்ப?"

"இருங்க... வந்துருச்சு, வந்துருச்சு! ஸ்கூலுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு." சைரன் சத்தத்தோடு போன் துண்டிக்கப்பட்டது. சோதனை என்ற வரி எகிறிக் குதித்தது.

உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. கடையில் பாதி சாம்பல்.

பழைய இன்ஜினியரைத் தேடிப்பிடித்துக் கேட்டாள். "அடடா, அது இன்னுமா ஓடுது?" என்றார் அவர். புதிய குழாய்களைச் சேர்த்து ஒரு மேப்பைச் சும்மா சோதனைக்காகப் போட்டுப் பார்த்தாராம். டிரைவர்களுக்கு அது பிடித்துப்போக, வண்டிகளில் அதையே வைத்துக்கொடுத்துவிட்டாராம். தீயணைப்பு என்ற பெயரில் ஓடியதை யாருமே திறப்பதில்லை. டிரைவர்களுக்கோ தாங்கள் பார்ப்பதன் பெயர் சோதனை என்று தெரியாது.

அதன்பிறகு அவள் பெயர்களை நம்பவில்லை. ஒவ்வொரு பிரிவையும் போனில் பிடித்து, "இப்ப மேப்பைத் திறங்க... பெருசாக்குங்க... நகர்த்துங்க" என்று சொல்லிக்கொண்டே, எந்த வரி துள்ளுகிறது என்று பார்த்தாள். தெளிவு பிறப்பதற்குப் பதில் குழப்பம் கூடியது. குப்பைப் பிரிவு நகர்த்தினால் தெருவிளக்கு துள்ளியது. பூங்கா ஆட்கள் குடிநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் திறக்காத தீயணைப்பை நிறுத்தி, அது பிடித்திருந்த நினைவகத்தைச் சோதனைக்குக் கொடுத்தாள்.

"பேரையாவது ஒழுங்கா மாத்திடுங்க" என்றார் மேலாளர்.

"வண்டியெல்லாம் அந்தப் பேரைத்தான் தேடும் சார். மாத்தினா மறுபடி வெள்ளையாயிடும்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த கொழுந்தனிடம், மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "அன்னைக்கு என்னாலதான் லேட்டாச்சா தம்பி?"

"மெத்தைக் கடையில எல்லாம் பஞ்சு, அண்ணி. பத்திக்கிட்டா யார் நினைச்சாலும் நிக்காது" என்று சொல்லிவிட்டு, அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னாரா, அண்ணி மனசு நோகக்கூடாதென்று சொன்னாரா, அவளுக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் பிடிபடவில்லை. 'புதியது2' என்று ஒரு வரி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் லேசாக அசைந்துவிட்டு அடங்குகிறது. எந்தப் பிரிவும் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை.

"நிறுத்திடலாமே?" என்றார் மேலாளர்.

"வேண்டாம் சார். யாரோ பார்க்கிறாங்க."

"யாரு?"

"அதான் தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் திரையைப் பார்த்தாள்.