எஞ்சின் வாளுக்குச் சங்கிலி தேடிச் சாய்ந்தமருது வரை

1955 பங்குனியில், நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சங்கிலி தேடிப் பொத்துவிலிலிருந்து கல்முனைப் பக்கம் போய் வந்தேன். கழுத்துச் சங்கிலி அல்ல, மரம் அறுக்கும் எஞ்சின் வாளின் சங்கிலி. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டார்களே, அதில் இந்த வாளை எடுத்தவர்கள் என்னைப் போல இன்னும் சிலர் இந்தக் கரையில் இருப்பார்கள். என்றைக்காவது அவர்களும் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு இதே பாதையில் அலைய வேண்டிவரும். அவர்களுக்காகத்தான் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்துவைத்து எழுதுகிறேன்.

இந்த வாளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எண்பது இறாத்தலுக்கு மேல் பாரம், ஆகவே பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் எஞ்சினைப் பிடிப்பான். மற்றவன் நாலடிக்கு அப்பால் அலகின் நுனியில் உள்ள பிடியைப் பிடிப்பான். அவனை வால்காரன் என்போம். இருவருக்கும் நடுவில் பல்லுள்ள சங்கிலி ஓடும். அதன் கண்ணி ஒவ்வொன்றையும் மற்றதோடு பூட்டுவது ரிவிட் என்ற சின்ன இரும்புத் துண்டு. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அது தேய்ந்தால் புதிது போட வேண்டும், புதிதுக்கு எங்கே போவது? செய்த கம்பெனியே இந்த வாளை மறந்துவிட்டது.

என்னோடு முதலில் வாலில் நின்றவர் காசிம் மச்சான், என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது, மாப்பிள்ளை அந்த வீட்டில் போய் இருப்பது. நான் படுத்தெழும்பும் வீட்டுக் கூரையின் வளையும் கைமரமும் மச்சான் தன் தங்கைக்காகக் காட்டில் அறுத்துக் கொண்டுவந்தவை. அதற்குப் பிறகுதான் அவர் தனக்குக் கலியாணம் பேசினார்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் ரிவிட் ஒன்று தேய்ந்துபோனது. ஒரு பாலை மரத்தைப் பாதி அறுத்தபடி நிற்கிறோம். மச்சான் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு கம்பி ஆணியை வெட்டி அந்தத் துவாரத்தில் போட்டுத் தட்டிவிட்டேன். ஒரு மரத்துக்குத் தாங்கும் என்று நினைத்தேன், தாங்கவில்லை. அறுந்து பறந்த சங்கிலி மச்சானின் இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. "மரத்துக்குள் இரும்பு இருந்திருக்கிறது" என்று ஆஸ்பத்திரியிலும் ஊரிலும் சொன்னேன். அவருக்கும் அதையேதான் சொன்னேன்.

கை ஆறியதும் மச்சான் தன் மனைவியின் ஊரான சாய்ந்தமருதுக்கே போய் இருந்துவிட்டார். அன்றைக்கே நாங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த ஒரே புதுச் சங்கிலியும் தகரப் பெட்டியோடு காணாமல் போனது. கோபத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். "உன் காக்கா செய்த வேலையைப் பார்த்தாயா" என்று மனைவியிடம் எத்தனையோ தடவை புறுபுறுத்திருக்கிறேன். அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அறுந்த சங்கிலியைக் கொல்லரிடம் கொடுத்துச் சரிப்படுத்தி மூன்றரை வருடம் ஓட்டினேன். பிறகு அதுவும் முடியாமல் வாள் ஐந்து மாதமாகக் கொட்டிலில் கிடந்தது. இப்போது வாலில் நிற்பவன் உதுமான், நாலு பிள்ளைக்காரன். ஏதாவது ஒட்டுப்போட்டு ஓட்டலாம்தான். ஆனால் என்னால் இன்னொருவன் கை போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பொத்துவிலில் காலை ஆறு மணிக்கு பஸ். அக்கரைப்பற்று இருபத்தேழு மைல், ஒரு ரூபா இருபது சதம். சங்கிலி எட்டு இறாத்தல் இருக்கும், சாக்கில் போட்டு மடியில் வைத்திருந்தேன். கொண்டக்டர் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன காக்கா, பாம்பா? நெளியுது" என்றான். எண்ணெய் பக்கத்து மனிதரின் வெள்ளைச் சாரத்தில் பட்டுவிட, தம்பிலுவில் வரைக்கும் ஏச்சு வாங்கினேன். சங்கிலி கொண்டுபோகிறவர்கள் சாக்குக்கு உள்ளே வாழைச் சருகு வைத்துக் கட்டுங்கள். ரோட்டும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எட்டே முக்காலுக்கு இறங்கியபோது முதுகு என்னிடம் இல்லை.

அக்கரைப்பற்றில் சந்தைக்குப் பின்னால் ஒரு கொல்லர் இருக்கிறார். பழைய சைக்கிள் அச்சை வெட்டி ரிவிட் அடித்துக் காட்டினார். முதல் இரண்டும் சுத்தியல் பட்டதும் வெடித்தன. இரும்பை வாட்டி மென்மையாக்கி அடித்தவை, நான் குறட்டால் பிடித்துத் திருகியதும் வளைந்தன. நேர்மையான மனிதர்.

"இது வண்டில் சங்கிலிக்குக் காணும் தம்பி, எஞ்சின் வேகத்துக்குக் காணாது" என்றார்.

கூலி ஒன்றும் வேண்டாம் என்றவரிடம் ஒரு ரூபாவை வற்புறுத்திக் கொடுத்துவிட்டு பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

கல்முனைக்குப் பதினாறு மைல், அறுபத்தைந்து சதம். அட்டாளைச்சேனை, நிந்தவூர் என்று இரண்டு பக்கமும் வயல், அதற்கப்பால் கடல் வெளிச்சம். காற்று நல்லது. சாய்ந்தமருதில் பஸ் நின்றபோது நான் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஊரில் யாரையும் தெரியாதவன் போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்முனைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடைக்காரர் சங்கிலியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொழும்புக்கு எழுதலாம். ஆறு மாசம் செல்லும், வந்தாலும் வேற அளவுதான் வரும்" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "நீங்க ஏன் இஞ்ச சுத்துறீங்க? சாய்ந்தமருதுல மூணு விரல் பாஸ் இரிக்காரே, அவருக்கிட்டப் போங்க. எஞ்சின் வாள் தெரிஞ்ச ஆள் அவருதான்" என்றார். கைவேலைக்காரரை பாஸ் என்பது எங்கள் வழக்கம். மூன்று விரல் யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். காது சுட்டது.

போகவில்லை. மூன்று மைல் வடக்கே மருதமுனைக்கு, பதினைந்து சதம் கொடுத்துப் போனேன். எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறும் நைந்திருந்தது. அங்கே நெசவுக்காரர் ஒருவர் தறி நூலை எட்டுப் புரியாகப் பின்னி, மெழுகு தேய்த்து முக்கால் மணித்தியாலத்தில் ஒரு கயிறு செய்து தந்தார், எழுபத்தைந்து சதம். இதுபோல் உறுதியான கயிறு எனக்குக் கம்பெனிச் சாமானிலும் கிடைத்ததில்லை, தாராளமாக வாங்கலாம். தறிச் சாமானில் ரிவிட்டுக்கு ஏற்ற இரும்பு கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"எங்கட தறிக்கு இரும்பு வேல எண்டா நாங்களே சாய்ந்தமருதுக்குத்தான் போற. மூணு விரல் பாஸ்ட."

விதியை நொந்துகொண்டு அன்றைக்குக் கல்முனைக்குடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினேன்.

மறுநாள் காலை நடந்தே சாய்ந்தமருதுக்குப் போனேன், இரண்டு மைல் வராது. மெதுவாக நடந்தால் ஒரு மணித்தியாலம் ஆக்கலாம், நான் ஆக்கினேன். மச்சான் வளவில் ஒரு தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நாலு வருடம் கழித்து வந்தவனைப் போல அல்ல, நேற்றுப் போனவனைப் போல.

"வாங்க மச்சான். சாக்க அங்கால வைங்க, வேர்த்து ஒழுகிறீங்க. இஞ்சேருங்க, பொத்துவில் மச்சான் வந்திரிக்கார், சோத்த ஆக்குங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "புதுச் சங்கிலி..." என்று இழுத்தேன். அவர் பம்பைத் துடைத்தபடியே, "திண்டுட்டுக் கதைப்பம்" என்றார். ஸ்பானரை மூன்று விரலால் பிடித்து முடுக்கினார். பிடி வழுக்கும்போது முழங்காலை முட்டுக் கொடுத்தார். அந்த முழங்கால் முட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுகையை முடித்துவிட்டு வந்தோம். மதினி ஒரே சகனில் சோறு போட்டு, நடுவில் மீன் ஆணத்தை ஊற்றி வைத்தார். விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே தட்டில் கை வைத்து உண்பது எங்கள் மரியாதை. ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் நான். மச்சான் முள்ளில்லாத துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவைத்தார். எதையாவது பேச வேண்டுமே என்று, "அண்டைக்கு அந்தப் பாலைக்குள்ள இரும்பு இரிந்திராட்டி..." என்று பழைய பாட்டை ஆரம்பித்துவிட்டேன். பழக்க தோஷம். வாய் தானாகச் சொன்னது.

மச்சான் இன்னொரு துண்டு மீனை என் பக்கம் தள்ளினார்.

என் கை சகனில் இருக்கிறது, பிசையவும் இல்லை, எடுக்கவும் இல்லை. "மச்சான், மரத்துக்குள்ள இரும்பு இரிக்கல்ல. நான் கம்பி ஆணி வெட்டிப் போட்ட. நீங்க தண்ணிக்குப் போன நேரம்" என்றேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

"தெரியும். தின்னுங்க, சோறு ஆறுது" என்றார் அவர்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கண்ணி, அதில் ஆணியின் பாதி. காட்டில் கிடந்ததை அன்றைக்கே எடுத்து மடியில் கட்டிக்கொண்டாராம்.

"தெரிஞ்சும் ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"கேட்டா நீங்க இல்லண்டு சத்தியம் பண்ணுவீங்க. எனக்கு ஒங்களத் தெரியும் மச்சான்." டப்பாவை மூடினார். "ஆணி போட்டத மறைக்கிற ஆளுக்கிட்டப் புதுச் சங்கிலியக் குடுத்தா, அதுல ரிவிட் தேயிற அண்டைக்கும் ஆணிதான் போகும். இப்ப வால்ல யாரு?"

"உதுமான்."

"அவன்ட கை நல்லா இரிக்கா?"

"ஓம்."

"அல்லாட காவல்." டப்பாவை மடியில் செருகிக்கொண்டு, "சங்கிலி என்னட்ட இல்ல. ஒங்கட ஊட்டதான் இரிக்கி. தங்கச்சிக்கிட்டச் சொல்லுங்க, காக்கா தரச் சொன்னதெண்டு" என்றார்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். ஐந்து மாதம் வாள் கொட்டிலில் கிடக்கிறது, நான் சாக்கோடு நாற்பத்தைந்து மைல் அலைகிறேன், சங்கிலி நான் உறங்கும் வீட்டுக்குள் இருக்கிறது! ஆனால் கோபப்பட எனக்கு வாய் ஏது?

பின்னேரம் வரை அவர் எனக்கு ரிவிட் செய்யப் பழக்கினார். அக்கரைப்பற்றுக் கொல்லரின் இரும்பு சரிதான், வாட்டியதுதான் பிழை. முழுத் துண்டையும் வாட்டக் கூடாது. நடு உடம்பு கடினமாகவே இருக்க வேண்டும். அதை ஈரத் துணியில் சுற்றிப் பிடித்து, இரண்டு நுனியை மட்டும் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட வேண்டும். அப்போது நுனி தட்ட மலரும், நடு தேயாது. துண்டை அவர் பிடித்தார், நான் தட்டினேன். பன்னிரண்டு செய்தோம், இரண்டு பழுது. பத்தையும் எனக்கே கட்டிக் கொடுத்தார். "நோன்புக்கு முந்தி வந்தது நல்லம்" என்று மட்டும் சொல்லி, பஸ் வரும்வரை ரோட்டில் கூடவே நின்றார்.

சாய்ந்தமருதிலிருந்து பின்னேரம் மூன்றரைக்கு அக்கரைப்பற்று பஸ், அங்கே ஐந்தரைக்குப் பொத்துவில் பஸ். மூன்றரையைத் தவறவிட்டால் அக்கரைப்பற்றில்தான் படுக்கை. இரண்டு நாளும் பஸ், கூலி, கயிறு எல்லாமாக ஆறு ரூபாவுக்குள் முடிந்தது. என்னைப் போல அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் இறங்கி வீணாக அலைய வேண்டாம். ரிவிட் வேலைக்கு நேரே சாய்ந்தமருது போய் மூணு விரல் பாஸைக் கேளுங்கள், யாரும் வழி காட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்து சாக்கை இறக்கினேன். மனைவி என் முகத்தைப் பார்த்து, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவள் உள்ளே போய்க் கலியாணப் பெட்டகத்தின் அடியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்துவந்தாள். எண்ணெய்க் கடதாசியில் சுற்றியபடி சங்கிலி புதிதாக இருந்தது.

வியாழக்கிழமை வாளைக் காட்டுக்குக் கொண்டுபோனோம். கார்புரேட்டரைக் கழுவி, மருதமுனைக் கயிற்றைப் பூட்டியாயிற்று. இழுப்பதற்கு முன் உதுமானை உட்காரவைத்து ஆணிக் கதையை முழுவதும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஏசவில்லை. தன் இரண்டு கையையும் ஒருக்காப் பார்த்தான். பிறகு, "தாங்க பாப்பம்" என்று புதுச் சங்கிலியை மடியில் வாங்கி, ஒவ்வொரு ரிவிட்டாகப் பெருவிரலால் அழுத்தி, ஆட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெயில் ஏறிவிட்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கண்ணியும் முடிந்த பிறகு எழும்பி, சங்கிலியை அலகில் பூட்டிவிட்டுப் போய் வால் பிடியைப் பிடித்து, "ம், இழுங்க" என்றான். பதினாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

இப்போது தினமும் அப்படித்தான். இந்த வாள் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான்: காலையிலும், நடுவில் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும், சங்கிலியை வால்காரன் கையில் கொடுங்கள். அவன் பார்த்து முடிக்கும்வரை கயிற்றைத் தொடாதீர்கள். அன்றைக்கு நான் அப்படிக் கொடுத்திருந்தால், காசிம் மச்சான் அந்த ஆணியைக் கண்டிருப்பார்.