ஐந்து அங்குலம் உயர்ந்த ஜீப்

சமாதானபுரத்தில் இருக்கும் தன் பட்டறைச் சுவருக்கு வெள்ளையடிக்க முத்துமாலை யாரையும் விடுவதில்லை. சுவர் முழுக்கச் சாக்குக்கட்டியில் எழுதிய அளவுகள். எந்த வண்டி உள்ளே வந்தாலும் நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, எண்ணைச் சுவரில் எழுதிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். ஆள் இல்லாத வண்டிக்கு ஓர் உயரம், ஆள் உட்கார்ந்த வண்டிக்கு இன்னோர் உயரம் என்பதால், வருகிறவர்களின் எடையைக் கேட்டு அதே எடைக்கு மணல் மூட்டைகளை இருக்கையில் ஏற்றி இன்னொரு முறையும் அளப்பார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முப்பது வருஷமாகக் கழற்றிக் கழற்றிப் பூட்டியதில் கைக்கு வந்த பழக்கம்.

அந்தச் சுவரில் மிகப் பழைய எண்கள் நடராஜ் அண்ணாச்சியின் ஜீப்புக்கு உரியவை. அண்ணாச்சி பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. தாத்தா காலத்து நிலத்தில் மிஞ்சியது திசையன்விளைக்குப் பக்கத்தில் ஆறு ஏக்கர் முருங்கைத் தோட்டம் மட்டும். மனைவி போன பிறகு அவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடிந்தது. சனிக்கிழமை காலை ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாகத் தோட்டத்துக்குப் போவார், சாயங்காலம் திரும்புவார். மற்ற ஆறு நாளும் அந்தச் சனிக்கிழமைக்குக் காத்திருப்பதுதான்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, தோட்டத்துக்கு முன்னால் செம்மணலில் ஜீப் புதைந்துவிட்டது. வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லிக்கொண்டுதான் அவர் மகன் கணேஷ்ராம் பட்டறைக்கு வந்தான்.

"பெரிய டயரு போட்டு வண்டியத் தூக்கிரணும் அண்ணாச்சி. மணல்ல புதையவே கூடாது. அப்பா சரின்னுட்டாவ. செலவ நான் பாத்துக்கிடுதேன்."

பேங்கில் வேலை பார்க்கும் பிள்ளை அப்பாவின் தோட்டத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறானே என்று முத்துமாலைக்கு மனம் நிறைந்துபோயிற்று. நடராஜ் அண்ணாச்சியே போனில் கூப்பிட்டு, "பையன் ஆசப்படுதான்வே. நீரு பாத்துச் செய்யும்" என்றார்.

பதினொரு நாள் வேலை. டயரின் குறுக்களவு இருபத்தெட்டு அங்குலத்திலிருந்து முப்பத்திரண்டுக்குப் போனது. அதில் வண்டி இரண்டு அங்குலம் உயர்ந்தது. ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி வளைவு ஏற்றியதில் இன்னும் மூன்று. தூக்கினால் மட்டும் போதாது என்பது முத்துமாலைக்குத் தெரியும். சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் குழாய் இழுபடக்கூடாது என்று நீளமானதை வாங்கி மாட்டினார். ஸ்டீயரிங் கம்பியின் சாய்வு கெடாமல் அதை இழுக்கும் இரும்புக் கையை மாற்றினார். பின் அச்சுக்கு அடியில் ஆப்பு வைத்து இன்ஜினிலிருந்து அச்சைச் சுழற்றும் நீளத்தண்டின் கோணத்தைத் திருத்தினார். டயர் பெரிதானால் மீட்டர் ஏமாற்றும். ஐம்பது காட்டும்போது வண்டி ஐம்பத்தேழில் ஓடும். அதையும் ஒரு சீட்டில் எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஓட்டுநர் இருக்கைக்கு அறுபத்திரண்டு கிலோ மணல் மூட்டை ஒன்றைக் கட்டினார். அண்ணாச்சியின் எடை அவருக்குக் கேட்காமலே தெரியும்.

அடுத்த பட்டறையில் வெல்டிங் வைத்திருக்கும் எலியேசர் எட்டிப் பார்த்தார்.

"என்னலே முத்து, வண்டிக்கு மாடி கட்டுதியா?"

"மணல்ல போற வண்டிலே இது. ஒனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுப்பா. மாடிக்கு வாடகை விட்டா சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மூட்டையைத் தூக்கி இருக்கையில் போட்டதும் அந்த எலியேசர்தான்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து வண்டியை அண்ணாச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார் முத்துமாலை. மருமகள் ப்ரியா சந்தனம் வைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். அண்ணாச்சி வெளுத்த வேட்டியில், திருநீறு பூசிக்கொண்டு, சாவியோடு இறங்கி வந்தார்.

வலது பக்கக் கதவைத் திறந்து, ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்து, இடது காலைத் தூக்கினார். இடது முட்டியில்தான் அவருக்கு வாதம். பாதம் கதவு விளிம்பில் மோதி இறங்கியது. வேட்டியை மடித்துக் கட்டி மறுபடி தூக்கினார். மூன்றாவது தடவை இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். முத்துமாலை ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும்வே" என்று அண்ணாச்சி கையை உருவிக்கொண்டார்.

"நான் ஓட்டுதேன்ப்பா. நீங்க வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்றான் கணேஷ்ராம். ஒரே தாவலில் ஏறி, பழங்களை நசுக்கிக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பினான். அண்ணாச்சி பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஜோரா இருக்குல்லா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

பட்டறைக்கு வந்ததும் முத்துமாலை வேறு எந்த வேலையையும் தொடவில்லை. இரும்புக் குழாயை வளைத்து, கால் வழுக்காமல் இருக்கப் புள்ளித்தகடு வைத்து, தரையிலிருந்து பதினோரு அங்குலத்தில் ஒரு படி செய்தார். எலியேசர் பற்றவைத்துக் கொடுத்தார். சாயங்காலமே போய் மாட்டினார். அண்ணாச்சி கோயிலுக்குப் போயிருந்தார். நாளைக்குச் சனிக்கிழமை, ஏறிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை ஜீப் போகவில்லை. திங்கட்கிழமை கணேஷ்ராம் அந்தப் படியை ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பட்டறையில் வைத்தான்.

"இது வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன் தம்பி? அழகு போயிருதா? வேற மாதிரி மடிச்சு வச்சுத் தாரேன்."

"அழகு இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "போன தையில அப்பா மூலைக்கரைப்பட்டியில ஒரு சைக்கிள்காரர இடிச்சுட்டாவ. ஒங்ககிட்ட சொன்னாவளா? சொல்ல மாட்டாவ. நல்ல வேள, கை ஒடிஞ்சதோட போச்சு. சாவியக் குடுங்கன்னு கேட்டா வீட்ல ரகளதான். அவங்களே ஏற முடியாமப் போயிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்லா."

முத்துமாலை சாக்கைப் பிரித்துப் படியைப் பார்த்தார்.

"அப்ப மணலு?"

"மணலும்தான்" என்றான் கணேஷ்ராம். "நானும் மாஞ்சோலை மலைப் பக்கம் போலாம்லா."

அவன் சொன்ன சைக்கிள்காரர் பொய்யாக இருக்காது என்று முத்துமாலைக்குப் பட்டது. ஆனாலும் அப்பாவிடம் பேசப் பயந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக, தன் பதினொரு நாள் வேலையை அவன் பயன்படுத்தியிருக்கிறான். அன்று மத்தியானம் பட்டறையைச் சாத்தினார். நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனார்.

அண்ணாச்சி நாற்காலியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"படிய யாரு கழட்டுனதுன்னு எனக்குத் தெரியும்வே. அத விடும். தூக்குனீரே, எதுக்குன்னு தெரிஞ்சுதான் தூக்குனீரா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி. மணலுக்குன்னுதான் நெனச்சேன்."

"கதவு விளிம்பு தரையிலருந்து எவ்வளவு வரும்னு அளக்கலியோ?"

முத்துமாலை தான் அளந்ததை எண்ணிப் பார்த்தார். ஹோஸ், கோணம், மீட்டர், மூட்டை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அளக்கல அண்ணாச்சி."

அண்ணாச்சி பேப்பரை மடித்தார். சிரித்த மாதிரி இருந்தது.

"இருபத்தாறு வருஷத்துல நீரு அளக்காம ஒரு போல்ட்டு மாட்டுனது கிடையாது. என் முட்டி வலி ஒமக்குத் தெரியும். தைலம் வாங்கிக் குடுத்ததே நீருதான். அளக்கலன்னு சொன்னா நான் நம்பணுமாவே? எம்புள்ள மறைச்சான், சரி, புள்ள. நீரு எதுக்குவே எங்கிட்ட மறைச்சீரு?"

வேறு எந்த மெக்கானிக் அந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் அண்ணாச்சி நம்பியிருப்பார். அண்ணாச்சி பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

ஜீப்பின் படம் கணேஷ்ராமின் போனிலிருந்து எங்கெங்கோ போயிற்று. நாகர்கோவிலில் இருந்துகூட ஆட்கள் அதே மாதிரி தூக்கித் தரச் சொல்லி வந்தார்கள். முத்துமாலை மாட்டேன் என்று சொல்லவில்லை. யார் யார் ஏறுவார்கள் என்று கேட்பார். "என்ன அண்ணாச்சி, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கியளா?" என்று சிரிப்பார்கள்.

ஆவணியில் முருங்கைத் தோட்டத்தை வாங்க ஆள் வந்துவிட்டது. பத்திரம் பதிகிற அன்று காலை கணேஷ்ராமின் ஜீப் பட்டறை வழியாகத்தான் போனது. ஹாரன் அடித்துக் கையைக் காட்டினான். அதற்குப் பின்னால் ஒரு வாடகைக் கார், தாழ்வான வெள்ளைக் கார். பின் சீட்டில் நடராஜ் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். முத்துமாலை ரோட்டு ஓரம் வரை வந்து நின்றார். அண்ணாச்சி முன்னால் போகிற தன் ஜீப்பைப் பார்த்துக்கொண்டே போனார்.