தானாக வந்த ரத்தக்கட்டு

இந்த நாட்டு மருத்துவமனைகளில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வீட்டில் அடிபடும் பெண்கள் அழைக்க வேண்டிய எண் அதில் இருக்கும். தாளின் அடிப்பகுதியில் அதே எண்ணை அச்சடித்து, சின்னச் சின்ன நாக்குகளாக வெட்டித் தொங்க விட்டிருப்பார்கள். ஒன்றைக் கிழித்துக் கணவன் கண்ணில் படாமல் செருப்புக்குள் வைத்துக்கொள்ளலாம். அயர்லாந்துக்கு வந்த புதிதில் அதை முழுதாகப் படித்தேன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவளுக்கு எதையும் பாதியில் விட்டு எழ வராது. போலிஷ், அரபி, போர்ச்சுகீசியம் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. நம்மவர்களுக்குத் தேவைப்படாது என்று நினைத்துவிட்டார்கள் போலும் என்று அற்பமாக ஒரு பெருமைகூட வந்தது. போன குளிர்காலத்தில் நோரா என்ற செவிலியர், சிறுநீர்ச் சோதனைக்குக் குப்பியைக் கையில் கொடுத்து, "கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதை நிதானமாகப் படியுங்கள். அவசரமே இல்லை" என்று சொல்லி என்னை அதே தாளிடம் அனுப்பினார்.

என் தொடைகளிலும் கெண்டைக்காலிலும் ரத்தக்கட்டுகள் வந்திருந்தன. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை, விழவுமில்லை. காலையில் எழுந்தால் முந்தின நாள் இல்லாத இடத்தில் கத்தரிக்காய் நிறத்தில் ஒன்று இருக்கும். பழையது ஓரத்தில் பச்சையாகி, பிறகு சீழ் மஞ்சளாக வெளுக்கும். காலின் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஈறு வீங்கிப் பல்லின் மேல் சரிந்திருந்தது. தலையணை உறையில் எச்சிலோடு ரத்தம் காய்ந்து கிடக்கும். என் வாயின் நாற்றம் எனக்கே குமட்டியது. நான் வேலை செய்யும் துணி திருத்தும் கடையில் வாடிக்கையாளரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினேன். என் உடம்பை நானே அருவருத்துக் கழித்த மாதங்கள் அவை.

மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் உறைவதில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார். அந்த நல்ல செய்திதான் எங்களைக் கெடுத்தது. உள்ளே கோளாறு இல்லையென்றால் வெளியிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? அடுத்த முறை போனபோது என் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நோரா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று கேட்டார். பின்கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் கேள்வி எனக்குப் புரிந்தது. முகமெல்லாம் சூடேறியது. இல்லை, யாரும் எதுவும் செய்யவில்லை, தானாக வந்தது என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது, அந்த அறையில் எனக்கு முன் எத்தனையோ பெண்கள் இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பார்கள் என்று. உண்மைக்கும் பொய்க்கும் ஒரே வாக்கியம்தான் இருந்தது. நோரா தலையை மெதுவாக ஆட்டினார். நம்பாதவர்கள் மிகவும் கனிவாகத் தலையாட்டுவார்கள்.

அந்தத் தலையாட்டலை நான் ஆரணியில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்காவும் அவள் கணவரும் ஒரே தறியில் மாறி மாறி நெய்வார்கள். சில நாள் காலையில் குழாயடிக்கு அவள் கன்னம் வீங்கி வருவாள். கேட்பதற்கு முன்பே, "படமரம் இடிச்சிடுச்சி" என்பாள். நெய்த பட்டைச் சுற்றும் உருட்டுக் கட்டைதான் படமரம். குழித்தறியில் உட்கார்ந்தால் அது இடுப்புக்கு நேராக வரும். அது கன்னத்தில் இடிக்க வேண்டுமென்றால் ஆள் தலைகீழாக உட்கார்ந்து நெய்ய வேண்டும். குழாயடியில் நின்ற எல்லோருமே தறிக்காரர்கள், படமரத்தின் உயரம் தெரியாதவர்கள் யாருமில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டுவார்கள். "பாத்து உக்காரக்கூடாதா ரங்கா" என்று என் அம்மா சொல்லுவாள், குடத்தை நகர்த்துவாள், அடுத்த ஆள் தண்ணீர் பிடிப்பாள். சாகும் வரை அவளைப் படமரம் இடித்துக்கொண்டே இருந்தது. அங்கே அடிபட்டவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே அடிபடாத என்னை ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். எது எனக்கு அதிகக் குமட்டலைத் தந்தது என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

என் தங்கை தேவகி ஆரணியில்தான் இருக்கிறாள். வீடியோ அழைப்பில் என் முழங்கையில் புதிதாக வந்திருந்த ரத்தக்கட்டைப் பார்த்துவிட்டாள். மருத்துவமனையில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா பக்கத்துல கீறாரா?"

"இல்ல, குளிச்சிகினு இருக்காரு."

"ஏங்க்கா, ஏதோ வேல டென்ஷன்ல கை நீட்டி இருப்பாரு. இத்தப் போயி வெள்ளக்காரிகிட்ட சொல்லிகினு இருக்காத. போலீசு கீலீசுன்னு ஆயிட்டா வேல போயிடும். ஒரே பேஜாரு."

"அவரு அடிக்கல, தேவகி."

"சரிக்கா, அடிக்கல. அப்படியே சொல்லு."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போது என் கணவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "நான் தூக்கத்துல கை கால் ஏதாவது வீசறனா?" இல்லை என்றேன். "எனக்குத் தெரியாம வீசி இருந்தா?" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. என்னை ஒரு தடவை 'சீ' என்று சொன்னதற்கு ஒரு வாரம் முகம் வாடித் திரிந்த மனிதர் அவர். அன்று முதல் கூடத்துச் சோபாவில் படுக்கத் தொடங்கினார். ஒரு பெண் நல்லெண்ணத்தோடும் இன்னொருத்தி பாசத்தோடும் சேர்ந்து, செய்யாத குற்றத்தை அவரையே நம்ப வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது முறை மருத்துவரும் நோராவும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். என் எடை குறைந்திருந்ததால் பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பியது. என்ன சாப்பிடுவது என்று நீங்களே முடிவு செய்கிறீர்களா, வேறு யாராவது முடிவு செய்கிறார்களா என்று நோரா கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்பது தெரிந்தும் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. வேறு ஒருவர்தான் என்றேன்.

"யார் அவர்?"

"ஒரு வைத்தியர். எங்கள் ஊர்ப் பக்கம், தேசூர்க்காரர்."

"அவரிடம் பேசி, இந்தக் கட்டுப்பாடு போதும் என்று சொல்லலாமா?"

"முடியாது. இறந்துவிட்டார்."

நோராவின் பேனா நின்றது. பிறகு நான் முழுதும் சொன்னேன். அதற்கு முந்தின கோடையில் என் கைகளில் கரப்பான் வந்து தோல் வெடித்தபோது, தேவகி அந்த வைத்தியரிடம் லேகியம் வாங்கி அனுப்பினாள். கடும் பத்தியம். புளி, எலுமிச்சை, தக்காளி, பழம், கீரை, பச்சைக் காய் எதுவும் கூடாது. புழுங்கலரிசிச் சோறு, பாசிப்பருப்பு, பால், நெய், மிளகு, வறுத்த உப்பு இவ்வளவுதான். மருந்து முடிந்ததும் கொடுத்தவரே பத்தியத்தை முறித்துவைக்க வேண்டும். முதல் புளிப்பை அவர் சொல்லித்தான் நாக்கில் வைக்கலாம். தானாக முறித்தால் மருந்து நமக்கே எதிராகத் திரும்பிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. லேகியம் முடிவதற்குள் அவர் மாரடைப்பில் போய்விட்டார். முறித்துவைக்க ஆளில்லை, அதனால் நானும் முறிக்கவில்லை. ரசம்கூட இல்லாமல் இலையுதிர்காலம் போயிற்று, குளிர்காலமும் வந்தது. கரப்பான் ஆறியிருந்தது, அதனால் பத்தியத்தின் மேல் எனக்கு மரியாதையும் கூடியிருந்தது.

மருத்துவர் என் உதட்டை விலக்கி ஈறுகளைப் பார்த்தார். காலின் புள்ளிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஸ்கர்வி என்றார். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்த மாலுமிகளுக்கு வந்த நோய் என்று விளக்கினார். வைட்டமின் சி அறவே குறைந்தால் ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்துபோகும், தொடாமலே கசியும். ரத்தச் சோதனையும் அதையே சொன்னது. மாத்திரை தொடங்கிய சில நாட்களில் ஈறு ரத்தம் நின்றது. சில வாரங்களில் கால்களில் இருந்த கட்டுகள் மறைந்தன. நடைபாதைவரை ஆரஞ்சைக் குவித்து விற்கும் தெருவில், கடல் நடுவே சிக்கியவளைப்போல நான் அழுகிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் லேகியம் தின்கிற நம்மவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். கொடுத்தவர் இருந்தாலும் போனாலும் வாய் உங்களுடையது.

நோரா வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் விடைபெறும்போது, எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வரலாம், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அழுத்திச் சொன்னார். ஒரு நோய்க்கு மட்டும் அழைக்கிற அழைப்பாக அது இல்லை. வீட்டுக்கு வந்து, தேவகிக்கு என் கணவர் எதிரிலேயே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நல்லதாப் போச்சுக்கா," என்றாள். "வைட்டமினுன்னு சொன்னா இங்கயும் யாரும் மேல கேக்கமாட்டாங்க. படமரத்துக்கு இது எவ்வளவோ தேவல."

என் கணவர் எழுந்துபோய் அடுப்பிலிருந்து பாலை இறக்கினார். அது இன்னும் பொங்கவே இல்லை.

இப்போது சோபாவில் போர்வை இல்லை. வெளியே போகும்போதுதான் எங்கள் கால்களுக்கு வழி தெரியவில்லை. ஆரணி பஜாரில் அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் போவேன். அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். இங்கே வயதான ஜோடிகள்கூடக் கை கோத்துத்தான் நடக்கிறார்கள். வந்த புதிதில் வெட்கத்தோடு நாங்களும் அதைப் பழகியிருந்தோம். அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது. போன சனிக்கிழமை உறைபனியில் என் கால் வழுக்கியது. அவர் கை என் முழங்கைவரை வந்தது, எதிரே வருகிறவர்களைப் பார்த்ததும் நின்றது, பிறகு கோட்டுப் பைக்குள் போய்விட்டது. நானே சமாளித்து நின்றேன். அவர் முன்னால் போகவுமில்லை, என்னைத் தொடவுமில்லை. நடுவில் ஓர் ஆள் போகிற அளவு இடம் விட்டு, பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.