லோரன்ஸ் மாஸ்டரும் பெயரில்லாத இரண்டு பேரும்

தேநீர்க் கோப்பைக்குள் தெர்மாமீட்டரை இறக்கிவிட்டு லோரன்ஸ் மாஸ்டர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹட்டன் குளிரில் தேநீர் ஆறி அவலாகிக்கொண்டிருக்கிறது. "பாத்தீங்களா சார், அளக்கப் போன எடத்துல இந்தக் கண்ணாடிக் குச்சியே கொஞ்சம் சூட்டக் குடிச்சிருச்சு. அப்ப, அளக்குறதுக்கு முன்னாடி தேத்தண்ணியில எவ்வளவு சூடு இருந்துச்சு?" என்பார். எனக்கு என்ன தெரியும்? நான் தமிழ்ப் பாடம் எடுக்கிறவன். "குடிச்சுப் பாத்தாத் தெரியும், குடிங்க மாஸ்டர்" என்பேன். கோபித்துக்கொண்டு மடமடவென்று குடித்துவிடுவார்.

எங்கள் கல்லூரியில் பௌதிகம் படிப்பிக்கிறார். நெட்டையான ஆள். கோட்டின் முழங்கையில் ஒட்டுத் துணி, பை நிறையச் சுண்ணக்கட்டித் துண்டுகள். நடந்துகொண்டே இருப்பவர் யோசனை வந்தால் நட்டநடு ரோட்டில் நின்றுவிடுவார். "மாத்தயா, பாரென் அயின் வென்ன!" என்று ரோட்டை விட்டு விலகச் சொல்லிப் பஸ்காரன் சிங்களத்தில் கத்த, நான் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்து வருவேன். இழுக்கிறது யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார், மனுஷன்!

கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். தாயார் மரியநாயகி கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். மாஸ்டருக்கு ரத்தம் கொதிக்க வேண்டுமென்றால் "கழிவு" என்ற ஒரு சொல் போதும். மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழிப்பார். மழை கொட்டினாலும் அதே கழிவு, வெயில் காய்ந்தாலும் அதே கழிவு. "காஞ்ச கொழுந்துல ஏதுங்க தண்ணி? கேட்டா வாயைப் பொத்துன்னுவாங்க. எங்கம்மா முதுகுல அம்புட்டுப் பாரம் இருந்துச்சு சார். தராசு இல்லேன்னுருச்சு!" என்பார்.

ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக் விட்ட வருடம் அவர் ஒரு கட்டுரை எழுதி முடித்தார். குவாண்டம் இயக்கவியலுக்கு என்ன பொருள் என்பது பற்றி. அணுவுக்குள் ஓடும் இலத்திரனை அளந்து பார்க்கும்வரை அது எங்கே இருந்தது என்று கேட்பதே அர்த்தமில்லாத கேள்வி என்று பெரிய பெரிய மேதைகள் சொல்கிறார்களாம். மாஸ்டருக்கு இது அடுக்கவில்லை. "அளக்கலேன்னா இல்லேன்னு ஆயிருமா? கொழுந்து கூடையில இருந்துச்சு சார், இருந்துச்சு!" என்று மேசையைத் தட்டுவார். அளக்கும் கருவி உண்டாக்கும் குழப்பத்தைக் கழித்துவிட்டால், அளக்குமுன் இலத்திரன் எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம் என்பதுதான் அவர் கட்டுரையின் வாதம். கட்டுரை சீமையில் உள்ள ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்குப் போனது. அந்தப் பத்திரிகைக்காரர்கள் வந்ததை அப்படியே அச்சடிக்கிறவர்கள் அல்ல. துறையைக் கரைத்துக் குடித்த இரண்டு பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். அந்த இரண்டு பேர் யார் என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள்.

இதில் மாஸ்டரின் ஆசை மட்டும் இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அவர் மனைவி இசபெல்லுக்கு இழுப்பு நோய். மழைக்காலம் வந்தால் அந்த அம்மா மூச்சுக்குப் படும் பாட்டைக் காணச் சகியாது. மலையை விட்டு இறங்கினால்தான் தேறுவார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டுரை அச்சேறினால் கொழும்பில் விரிவுரையாளர் வேலை உறுதி என்று அங்குள்ள பேராசிரியர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். இசபெல் பாதிச் சாமான்களைக் கட்டியே வைத்துவிட்டார்.

பதில் வந்தது. பெயரில்லாதவர்களில் ஒருவர் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார். மற்றவர் மூன்றாம் பகுதியைப் பிடித்துக்கொண்டார். அளக்கும் கருவி உண்டாக்கும் குழப்பத்தை ஆசிரியர் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாகக் கழிக்கிறாரே, அது எப்போதும் ஒரே அளவுதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்? கேள்வி அவ்வளவுதான். இதற்குத் தக்க பதில் எழுதினால் அச்சிடுகிறோம் என்று பத்திரிகாசிரியர் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் மாஸ்டர் பக்கத்தில் நெருங்க முடியவில்லை. "சீமையில கணப்புக்கிட்ட குந்திக்கிட்டு என்னையக் கேள்வி கேக்குறான்!" என்று பொருமினார். எழுதுவார், கிழிப்பார். வகுப்பில் பையன்கள் மூச்சுக் காட்டவில்லை. நான்தான் மெதுவாகச் சொன்னேன்: "ஒருத்தர் புகழ்ந்துட்டாரே மாஸ்டர். இன்னொருத்தருக்குச் சாமர்த்தியமா எதையாவது எழுதிப் போடுங்க."

"எழுதலாம் சார். நாலு சமன்பாட்டைப் போட்டு மெழுகிறலாம். அந்தாளு வாயை அடைச்சிரலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்படியே மெழுகி ஒரு பதில் எழுதி, தன் வீட்டில் வைத்து எனக்கும் இசபெல்லுக்கும் தமிழில் சொல்லிக் காட்டினார். வெளியே அடைமழை. இசபெல் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். "கழிக்க வேண்டிய அளவு எல்லாத் தடவையும் ஒண்ணுதான். அப்படி வச்சுக்கிறதுதான் வழக்கம்..." என்று வாசித்தவர் டக்கென்று நின்றார்.

"மாதாவே!" என்றார். "இசபெல், நானும்ல கழிச்சிருக்கேன்! மழையா வெயிலான்னு பாக்காம ஒரே கழிவு! எங்கம்மாவுக்கு அந்தக் கணக்கப்பிள்ளை செஞ்சதைத்தானே நான் இலத்திரனுக்குச் செஞ்சிருக்கேன்!"

"இந்தப் பகுதியை எடுத்துட்டா மிச்சக் கட்டுரை நிக்காது. அச்சும் இல்லை, கொழும்பும் இல்லை" என்றார் பிறகு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன பைத்தியமா மாஸ்டர்? யாருக்குத் தெரியப் போகுது? அந்தம்மாவைக் கொஞ்சம் பாருங்க!" என்று கத்திவிட்டேன். அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

இசபெல்தான் கேட்டார். "ஏங்க, அந்தாளு கேட்டது நியாயமாங்க?"

"நியாயந்தான்."

"அப்புறம் என்னங்க யோசனை?"

மாஸ்டர் கட்டுரையின் பிரதியை எடுத்து மூன்றாம் பகுதியைப் பிரித்தார். அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து, அந்தப் பகுதியை அடித்துவிடப் பேனாவை ஊன்றினார். தாள் நழுவிக்கொண்டே போனது. இசபெல் சுவரைப் பிடித்து எழுந்தார். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். தாள் நகராதபடி அதன் இரண்டு ஓரங்களையும் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.