புளி வரும்வரை கதைப் புத்தகம்

குழந்தைகள் பக்கம் நடத்தியவர்களுக்கு ஒன்று தெரியும்: குழந்தைக்குக் கதை எழுதுவது சுலபம், நடுவில் நிற்கும் பெரியவர்களைத் தாண்டி அதைக் குழந்தையின் கையில் சேர்ப்பதுதான் தொழில். ஒரு வாரப் பத்திரிகையில் பல வருஷம் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஓய்வு பெற்றேன். மகள் வேலை பார்க்கும் மலையூரான காவலூருக்குக் குடிவந்தபோது, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்துவரும் பழைய கதைப் புத்தகங்கள் ஏழெட்டுப் பெட்டி என்னுடன் வந்தன. வீட்டில் புத்தகம் சேர்த்துத் திட்டு வாங்கும் அன்பர்களுக்கு மீதி புரியும். மகள் பெட்டியில் கால் இடிக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வாடகையில்லாத அறை

ஊரில் மகளிர் குழுவுக்கு ஓர் அறை உண்டு. சுற்றியுள்ள மலைக்காட்டிலிருந்து வரும் புளியை அதில்தான் மூட்டை கட்டி வைப்பார்கள். மற்ற மாதங்களில் காலியாகக் கிடக்கும். குழுத் தலைவி குப்பம்மாவிடம் போய், அங்கே பிள்ளைகளுக்கு நூலகம் வைக்கலாமா என்று கேட்டேன். ஒரு புத்தகத்தை வாங்கிப் புரட்டினார், முகர்ந்தார், திருப்பிக் கொடுத்தார். சாவியையும் கொடுத்தார்.

"புளி வர்ற வரைக்கும் வச்சிக்குங்க சார். வந்துட்டா காலி பண்ணணும். புளிக்கு வேற எடம் கெடயாது, உங்க புஸ்தகத்துக்கு உங்க மக வூட்டுக் கட்டிலடி கீது."

பன்றி வராத தீவு

முதலில் புத்தகம் எடுத்தவர் முருகேசன். சாமையும் கொள்ளும் போடுகிறவர். மகனுக்கு என்று சொல்லித்தான் எடுத்தார். கப்பல் கவிழ்ந்து ஆளில்லாத தீவில் ஒருவன் தனியாகக் காலம் தள்ளுகிற கதை. எந்த மொழியில் தேடினாலும் அப்படி ஒன்று அகப்படும். தனிமையின் கொடுமையைப் பிள்ளைகள் உணர்வதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது என்று நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்தார். முகத்தில் துக்கம் இல்லை, பொறாமை இருந்தது. அவன் தானியம் விதைத்ததும், கதிர் முற்றியதும், ஒரு மணி குறையாமல் வீட்டுக்கு வந்ததும் அவர் மனதை விட்டுப் போகவில்லை. இவர் மாதக்கணக்கில் பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டியும் பாதி விளைச்சல் காட்டுப்பன்றிக்கு.

"பன்னியே இல்லாத தீவு சார் அது! அங்க போய் உக்காந்துகினு இன்னாத்துக்கு அழுவுறான் அந்த ஆளு?"

உயிரோடு ஒரு அம்மா

புளிக்கு முன்பணம் கொடுக்க வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் வருவார். பேரனுக்குக் கதை வேண்டும் என்றார். ஒரே நிபந்தனை: பையன் இளகின மனசுக்காரன், அதனால் கதையில் அம்மா, அப்பா சாகக் கூடாது.

சரி என்று அலமாரிப் பக்கம் திரும்பினேன். முதல் புத்தகத்தில் கதாநாயகன் அனாதை. இரண்டாவதில் மூன்றாம் பக்கத்திலேயே காய்ச்சல். மூன்றாவதில் பெற்றோர் இருவரும் ஒரே புயலில். மேல் தட்டு முடிந்து கீழ்த் தட்டுக்கு வந்தபோது எனக்கே வியர்த்தது. இத்தனை சாவுகளையும் வாரா வாரம் படம் போட்டு அச்சேற்றியவன் நான். கடைசியில், அம்மா இருந்தால் பிள்ளையை வாசல் தாண்ட விட மாட்டாள், பிள்ளை வாசல் தாண்டாவிட்டால் கதை இல்லை என்று விளக்கினேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"வாஸ்தவம்தான். என் சம்சாரம் இன்னும் என் புள்ளையவே வுட மாட்டேன்றா. சரி, அனாதைக் கதையே குடுங்க. கடைசில ஒரு சித்தியாவது வந்து சோறு போடற மாதிரி பாத்துக் குடுங்க."

நீதி எங்கே?

செங்கத்திலிருந்து வரும் ஆசிரியை ஒருவர் புத்தகங்களைப் பின்னாலிருந்துதான் புரட்டினார். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கம் மட்டும். நீதி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கிறாராம். நல்ல கதையில் நீதியைத் தனியாக எழுத வேண்டியதில்லை, அது உள்ளேயே கரைந்திருக்கும் என்றேன்.

"உள்ள கரைஞ்சிடுச்சின்னா பரீட்சைல பிள்ளைங்க எதை சார் கோடிட்ட இடத்துல நிரப்பும்?"

பேசும் நரி

ஊரிலுள்ள வானாய்வுக் கூடத்தில் வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவர் மகள் மதியுடன் வந்தார். நாலாம் வகுப்பு. அவள் கையில் இருந்தது பேசும் நரியின் கதை. அப்பா அதை மெதுவாக வாங்கி என்னிடமே நீட்டினார். "பேசாத ஒண்ணைப் பேசுதுன்னு நம்ப வைக்கக் கூடாதுங்க. சின்ன வயசுலயே அறிவியல் பார்வை வேணும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் பதில் யோசிப்பதற்குள் மதி முந்திக்கொண்டாள்.

"குளிர்ல ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆவலன்னா, 'என் தங்கமே, ஒரு தடவை வாடா'ன்னு இவர் கெஞ்சுவாரு சார்!"

கழுதையும் பஸ்ஸும்

நரிக் கதையோடு போன மதி மறுநாளே அடுத்த புத்தகத்துக்கு வந்தாள். இந்த முறை கையில் எடுத்தது நல்ல கனமான ஒன்று. சந்தையில் விற்கப்பட்ட கிழட்டுக் கழுதை, பழைய எஜமானனைத் தேடி ஊர் ஊராக நடக்கிற கதை. அறை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். முதல் தவணையாக இறங்கிய புளியை அங்கேயே தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள் குப்பம்மாவும் மற்றப் பெண்களும். கழுதை ஆற்றில் இறங்கிய இடத்தில் தட்டுகிற சத்தம் நின்றது. கரையேறிய பிறகுதான் மறுபடி கேட்டது.

இப்படியே சில சாயங்காலங்கள். அப்புறம் மொத்தப் புளியும் வந்துவிட்டது. வாசலில் வண்டி, வண்டி நிறைய மூட்டை. பேச்சு பேச்சுதான் என்று நானும் அலமாரியைக் காலி செய்து பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். மகளின் பார்வை இப்போதே முதுகில் தைத்தது. கழுதைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் குப்பம்மா, "அது எஜமானன்கிட்ட போய்ச் சேந்துச்சா, இல்லியா?" என்றார்.

பத்திரிகைக்காரன் புத்தி எங்கே போகும்? பெரிய கதைகளை ஒரு பக்கத்துக்குச் சுருக்கியே சம்பளம் வாங்கியவன். "இன்னும் பாதிக்கு மேல இருக்கு. ரெண்டே வரியில முடிவைச் சொல்லிடறேன்" என்றேன்.

குப்பம்மா புளி ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தாத குறை. வண்டிக்காரரைப் பார்த்து, மூட்டையெல்லாம் தன் வீட்டு முன்னறையில் இறக்கச் சொன்னார். அவர் கணவர் தன் கட்டில் எங்கே போவது என்று கேட்டார். குப்பம்மா அதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார் நீங்க, அந்த வாயில்லா ஜீவன் மழைலயும் வெயில்லயும் நடந்தே போவுது, நீங்க மட்டும் பஸ் ஏறிப் போய் எறங்கிக்கறீங்களே! கழுதை வூடு போய்ச் சேர்ற வரைக்கும் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

மதியை அவசரமில்லாமல் படிக்கச் சொல்லி, அதைவிடக் கனமான இன்னொரு கதையையும் எடுத்துத் தயாராக வைத்துவிட்டேன். நல்ல குழந்தை இலக்கியம் எது என்று இனி யாராவது கேட்டால், புளி மூட்டையை வெளியே நிறுத்தி வைப்பது எதுவோ அது என்று சொல்வேன்.